மூன்று பித்தான் வைத்த சர்க்கரை டப்பா

நூறு மணி நேரம் ஓடிக் காட்ட வேண்டிய இஞ்சின், பத்தொன்பது மணி நாற்பது நிமிடத்தில் உயிரை விட்டது. அதன் இஞ்சினியர் எட்கர் லம்லி அப்போது சோதனை அறையின் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு கிறீச்சல், ஒரு இடி, சுவர் முழுக்க எண்ணெய். பிறகு நிசப்தம். லம்லி மிச்ச ரொட்டியையும் மென்று விழுங்கினார். முதல் இஞ்சின் செத்த அன்று அவருக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. இது ஏழாவது.

இஞ்சினின் பெயர் கிளேமோர். சண்டை விமானத்துக்கு இரண்டாயிரம் குதிரைச் சக்தி வேண்டும் என்று அரசாங்கம் கேட்டபோது, மற்ற கம்பெனிக்காரர்கள் பன்னிரண்டு சிலிண்டர் வைத்து எப்படியோ சமாளித்தார்கள். ஹேடர்ஸ்லி ஊரின் எங்கள் தொழிற்சாலைக்கு அந்தச் சில்லறைப் புத்தி கிடையாது. பன்னிரண்டு சிலிண்டர் இஞ்சின் ஒன்றைப் படுக்கப் போட்டு, அதன் மேல் இன்னொன்றையும் படுக்கப் போட்டு, இருபத்து நாலு பிஸ்டன், இரண்டு கிராங்க் ஷாப்ட் என்று வரைந்து தள்ளிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? வால்வே வேண்டாம் என்று முடிவு கட்டினார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு மெல்லிய எஃகுக் குழாய். ஸ்லீவ் என்பார்கள். இந்த ஸ்லீவ் மேலும் கீழும் போக வேண்டும். போகிற போக்கிலேயே இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். அதன் உடம்பில் வெட்டிய சன்னல்கள் சிலிண்டரின் சன்னல்களுக்கு நேரே வரும்போது காற்று உள்ளே, புகை வெளியே. நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் தடவை இந்தக் கூத்து நடக்க வேண்டும். காகிதத்தில் அற்புதமாக நடந்தது.

சோதனை அறையில்தான் தகராறு. எங்காவது ஒரு ஸ்லீவ் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மற்ற இருபத்து மூன்றும் அந்த ஒன்றுக்காகக் காத்திருப்பதில்லை.

ஏன் இறுகுகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எண்ணெய் கொடுத்தவர்கள் உலோகத்தைக் குறை சொன்னார்கள், உலோகம் கொடுத்தவர்கள் எண்ணெயைக் குறை சொன்னார்கள். வரைபடப் பிரிவு வெப்பத்தில் உலோகம் விரிவது பற்றி நாற்பது பக்கம் எழுதி, நாற்பதாவது பக்கத்தில் இன்னும் ஆராய வேண்டும் என்று முடித்துக்கொண்டது. கேன்டீனில் பேசிக்கொண்டது வேறு. ஒரு ஜெர்மன் ஒற்றன் உள்ளே புகுந்து மணலைத் தூவுகிறான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. அவன் யார் என்பதில் மட்டும்தான் சண்டை. பாதிப் பேர் லம்லியைத்தான் கை காட்டினார்கள்.

லம்லியால் சிரிக்க முடியவில்லை. கிளேமோர் பூட்டிய விமானங்கள் கொஞ்சம் ஏற்கெனவே படையில் பறந்துகொண்டிருந்தன. போன மாதம் அதில் ஒன்றின் இஞ்சின் கடலுக்கு மேலே நின்றுபோய், அந்த விமானி மூன்று மணி நேரம் தண்ணீரில் மிதந்து கரை சேர்ந்தான். கையில் கட்டோடு தொழிற்சாலைக்கே வந்தான். திட்டுவான் என்று லம்லி காத்திருந்தார். பையன் டீ குடித்துவிட்டு, மிகவும் மரியாதையாக ஒன்றே ஒன்று கேட்டான். "சார், நிக்கறதுக்கு ஒரு ரெண்டு நிமிஷம் முன்னாடி ஏதாவது சிக்னல் குடுக்கற மாதிரி பண்ண முடியுமா?" லம்லிக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

ஏழாவது இஞ்சின் போன அன்று மத்தியானமே அமைச்சகத்திலிருந்து விங் கமாண்டர் ஹேலட்டின் தொலைபேசி வந்தது. இன்னும் ஒரே ஒரு இஞ்சின். அடுத்த திங்கள் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து நூறு மணி நேரம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் கிளேமோருக்கு முழுக்கு. தொழிற்சாலை இன்னொரு கம்பெனியின் இஞ்சினைச் செய்யும். லம்லி ராணுவச் சமையலறைப் பிரிவுக்குப் போய், உருளைக்கிழங்குத் தோல் சீவும் இயந்திரத்தை மேம்படுத்துவார். இது விளையாட்டுக்குச் சொன்னது அல்ல. உத்தரவு தட்டச்சாகி, தேதி மட்டும் போடாமல் மேனேஜிங் டைரக்டர் சர் ரூபர்ட்டின் மேசை இழுப்பறையில் இருந்தது. லம்லியே அதைப் பார்த்தார்.

புதன்கிழமை காலை அவர் தலைமைப் பரிசோதகர் ஹொரஸ் பில்பீமிடம் போய் நின்றார். பில்பீம் முப்பத்தோரு வருஷமாகத் தலையிலிருந்து தொப்பியை எடுக்காதவர். மயிரிழையையும் அளக்கும் அவருடைய மைக்ரோமீட்டர் நீல வெல்வெட் பெட்டியில் தூங்கும். அதை வெளியே எடுக்கும்முன் பட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார். அவர் முத்திரை குத்தாமல் ஒரு திருகாணி கூட வாசல் தாண்டாது.

"பன்னெண்டு எடத்துல அளந்திருக்கேன்யா," என்றார் பில்பீம், செத்துப்போன ஸ்லீவோடு சேர்த்துச் செய்த இன்னொரு ஸ்லீவை மேசையில் நிறுத்தி. "பன்னெண்டுலயும் ஒரே அளவு. ஒரு மயிரிழை கூட வித்தியாசம் இல்ல. இதுக்கு மேல வட்டமா வேணும்னா நிலாவத்தான் புடிச்சுட்டு வரணும்."

"அப்ப ஏன் சார் இறுகுது?"

"ஓட்டத் தெரியாதவன் ஓட்டுனா இறுகத்தான் செய்யும்."

"சார், வேற ஏதாவது வழியில அளந்து பாக்கலாமே..."

"லம்லி, இந்த மைக்ரோமீட்டர் பொய் சொன்னா நான் தொப்பிய கழட்டிடறேன். போய் எண்ணெயப் பாருய்யா."

அந்த நேரம் பத்து மணி அடித்தது. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் டீ வண்டி வரும். அப்போது லேத் நிற்கும், சுத்தியல் நிற்கும், வாக்குவாதமும் நிற்கும். ஒருமுறை குண்டு வீச்சு அபாயச் சங்கு ஊதியபோது, டீ ஊற்றி முடித்த பிறகுதான் பதுங்கு குழிக்குக் கிளம்பினார்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது மிஸஸ் எஃபி கிராடக். ஐம்பது வயது விதவை, பெருத்த உடம்பு, விங் கமாண்டரிலிருந்து பெருக்குகிறவன் வரை எல்லாரும் அவளுக்குக் கண்ணுதான். ஆளுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை. ரேஷன் காலத்தில் அதுவே அதிகம். அந்தச் சர்க்கரையை அவள் ஒரு எஃகு டப்பாவில் வைத்திருந்தாள். டப்பாவுக்குப் பச்சைக் கம்பளியில் சட்டை பின்னிப் போட்டு, அழகுக்கு மூன்று பித்தானும் தைத்திருந்தாள். பட்டறையின் நூற்றிருபது பேரும் ஒரு தடவையாவது அந்த டப்பாவில் கை வைத்துப் பார்த்தவர்கள்தான். மூடி ஒருத்தனுக்கும் அசைந்துகொடுக்கவில்லை. அவள் மட்டும் பேச்சுக்கு நடுவே, பார்க்காமலே, ஒரு திருகில் திறந்துவிடுவாள்.

"மிஸஸ் கிராடக், இன்னிக்கு மட்டும் ரெண்டு ஸ்பூன் போடுங்களேன்," என்றார் லம்லி. "நேத்து இஞ்சின் போயிருச்சு."

"தெரியும் கண்ணு, ஊருக்கே கேட்டுச்சு. ஓடுற இஞ்சின் செஞ்சவங்களுக்குத்தான் ரெண்டு ஸ்பூன். வெடிக்கிற இஞ்சினுக்கு ஒண்ணே ஜாஸ்தி."

சொல்லிவிட்டு, வெந்நீர் தீர்ந்துபோனதால் கெட்டிலை எடுத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் போனாள். வண்டியும் லம்லியும் தனியாக நின்றார்கள்.

அவர் திருடர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கைத் தட்டைச் சுற்றி எடுத்துப் போகிறவர். ஆனாலும் ஒரு கை ஸ்பூனை எடுத்தது, மறு கை தானாகப் போய் மூடியைப் பிடித்தது. இழுத்தார், வரவில்லை. வலப்பக்கம் திருகினார், இன்னும் இறுகியது. இடப்பக்கம் திருகினார், அதிலும் இறுகியது. இப்போது சர்க்கரை மறந்துபோயிற்று. இருபத்து நாலு சிலிண்டர் இஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவன், ஒரு டப்பா மூடியிடம் தோற்பதா? வண்டியை முழங்காலால் முட்டுக்கொடுத்து, டப்பாவை இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆத்தாடி! டை கட்டுன திருடன்!"

லம்லிக்குக் காது வரை சிவந்துவிட்டது. "திருட்டு இல்லீங்க, ஒரு... இயந்திரவியல் ஆர்வம்."

"ஆர்வத்த கையில ஸ்பூனோடயா காட்டுவாங்க?" கெட்டிலை வைத்துவிட்டு டப்பாவைப் பிடுங்கினாள். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே பாவமாகிவிட்டது போலும். "யாருகிட்டயும் சொல்லப்படாது. மூடியில ஒரு கீறல் இருக்கு பாருங்க. இந்தக் கீறல் ஏதாவது ஒரு பித்தானுக்கு நேரா வரணும். வந்தா கழண்டு வரும். மூடிட்டு லேசா ஒரு திருகு, கெட்டியா புடிச்சுக்கும். அழகுக்கா பித்தான் தெச்சேன்? எனக்கு வேற வேலை இல்ல பாருங்க."

"மூணு பித்தானுக்கும் நேரா கழண்டு வருமா?"

"மூணுக்கும் வரும். மத்த எடத்துல வராது."

லம்லி அசையாமல் நின்றார். வட்டமான டப்பாவுக்கு வட்டமான மூடி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரிதானே பொருந்த வேண்டும்? மூன்று இடத்தில் மட்டும் பொருந்துகிறது என்றால்?

கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பார்த்தார். டப்பா வேறொன்றும் இல்லை, கிளேமோரின் ஸ்லீவ். சன்னல் வெட்டுவதற்கு முன்பே கீறல் விழுந்து தள்ளுபடியான ஒன்றைக் குட்டையாக அறுத்து, அடியில் தகடு வைத்திருந்தார்கள். கம்பெனி நேரத்தில், கம்பெனி உலோகத்தில், கம்பெனிக்குத் தெரியாமல் செய்கிற சொந்த வேலைக்குப் பட்டறையில் 'வெளியூர் ஆர்டர்' என்று பெயர். வெளியூர் ஆர்டர் செய்யாத ஆள் ஹேடர்ஸ்லியில் கிடையாது. ஆனால் சண்டைக் காலத்தில் அது அரசாங்கச் சொத்தைத் திருடியதாகும். பக்கத்து ஊர்த் தொழிற்சாலையில் கோழிக்கூண்டுக்குச் செம்புக் குழாய் எடுத்துப் போனவனுக்கு ஆறு வாரம் சிறை கிடைத்திருந்தது.

"யாரு செஞ்சு குடுத்தாங்க?"

மிஸஸ் கிராடக்கின் வாய் பூட்டிக்கொண்டது. ஆனால் அவள் கண் ஒரே ஒரு கணம் லேத் வரிசைக்குப் போய்த் திரும்பியது. அங்கே வில்ஃப் என்கிற, ஸ்லீவ் வேலையில் ஊரிலேயே சிறந்த கைக்காரன், டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு வருஷமாக அவன் அவளிடம் காதல் சொல்ல முயன்று, முடியாமல், ஒவ்வொரு பொருளாகச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்பது ஊரறிந்த விஷயம்.

"அவரு பேரு வெளிய வந்துச்சு," என்றாள் மெதுவாக, "நீங்க இந்த ஜென்மத்துல சூடா டீ குடிக்க மாட்டீங்க."

லம்லி நேரே வில்ஃபிடம் போனார். "இந்த மூடிய எதுல புடிச்சு கடைஞ்ச?"

வில்ஃபின் முகம் வெளுத்துவிட்டது. "சார், என் அம்மாவுக்கு எழுவது வயசு..."

"போலீசுக்குச் சொல்ல மாட்டேன்யா. சத்தியமா யாருக்கும் சொல்ல மாட்டேன். எதுல புடிச்ச?"

"மூணு விரல் சக்குலதான் சார். வேற எதுல புடிக்கிறது? எல்லா ஸ்லீவையும் அதுலதான உள்ளேர்ந்து விரிச்சுப் புடிச்சு தேய்க்கிறோம்?"

லம்லி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இங்கிலாந்தில் ஓர் இஞ்சினியர் ஒரு தொழிலாளியை வேலை நேரத்தில் கட்டிப்பிடித்தால் அவனுக்கு என்ன தோன்றும்? வில்ஃப் இன்னும் பயந்துபோனான்.

விஷயம் இவ்வளவுதான். லேத்தில் பொருளைக் கவ்வுகிற பிடிக்குத்தான் சக் என்று பெயர். மெல்லிய குழாயை உள்ளிருந்து மூன்று விரலால் விரித்துப் பிடித்தால், மூன்று இடத்தில் லேசாக வெளியே தள்ளும். அந்த நிலையில் வெளிப்பக்கத்தைத் தேய்த்தால் சுத்தமான வட்டம் கிடைக்கும். விரலை எடுத்ததும் உலோகம் பழைய இடத்துக்குத் திரும்பும்; வட்டம் போய்விடும். மிஞ்சுவது மூன்று மேடு, மூன்று பள்ளம், ஒவ்வொரு மேட்டுக்கும் நேர் எதிரே ஒரு பள்ளம். பில்பீமின் மைக்ரோமீட்டர் எதிரும் புதிருமாக இரண்டு புள்ளியைத்தான் பிடிக்கிறது. ஒரு பக்கத்து மேடு கூட்டியதை மறு பக்கத்துப் பள்ளம் கழித்துவிடும். பன்னிரண்டு இடத்தில் என்ன, ஆயிரம் இடத்தில் அளந்தாலும் ஒரே அளவுதான் வரும். ஆனால் அது வட்டமல்ல. சூடான சிலிண்டருக்குள் நிமிடத்துக்கு இரண்டாயிரம் தடவை அசையும்போது அந்த மேடுகள் எண்ணெயை வழித்துவிட்டு உலோகத்தோடு உலோகமாக உரசும். மூடியையும் வில்ஃப் அதே சக்கில் பிடித்ததால் அதற்கும் அதே மூன்று மேடு. அதனால்தான் மூன்று பித்தான்.

மத்தியானத்துக்குள் லம்லி கிடங்கிலிருந்து பத்து ஸ்லீவை எடுத்து வந்து, நடுவில் பள்ளம் வெட்டிய இரும்புக் கட்டையில் படுக்க வைத்து, மேலே முள் காட்டும் டயலை நிறுத்தி உருட்டினார். முள் மூன்று தடவை ஏறியது, மூன்று தடவை இறங்கியது. பத்துக்கும் அப்படியே. ஓடிப்போய்ப் பில்பீமைக் கூட்டிவந்து காட்டினார்.

பில்பீம் முள்ளைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், லம்லியைப் பார்த்தார். "கட்டை கோணல்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு சர் ரூபர்ட்டின் அறையில் கூட்டம். விங் கமாண்டர் ஹேலட் மீசையோடும் கோப்போடும் வந்திருந்தார். திங்களன்று ஓடப்போகும் கடைசி இஞ்சினுக்கு ஏற்கெனவே பில்பீம் முத்திரை குத்திய இருபத்து நாலு ஸ்லீவ் தயார். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்லீவ் முழுவதையும் சமமாகப் பிடிக்கிற வேறு பிடியில் புதிதாகச் செய்ய வேண்டும் என்று லம்லி அரை மணி நேரம் மன்றாடினார். முள், மேடு, பள்ளம், மூன்று, இரண்டு என்று அவர் பேசப் பேச, சர் ரூபர்ட்டின் இமை கீழே இறங்கிக்கொண்டே வந்தது. அவருடைய தாத்தா சேர்த்த சொத்து தொழிற்சாலை. அவருக்குத் தெரிந்தது குதிரை.

"எல்லாப் பக்கமும் ஒரே அளவு இருந்தா அது வட்டம்," என்றார் பில்பீம். "பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குத் தெரியும்."

"மிஸ்டர் லம்லி," என்றார் விங் கமாண்டர், வருத்தமாகவே. "முத்திரை குத்துன ஸ்லீவ வேணாம்னு சொல்றதுக்கு, ஒரு முள்ளு ஆடுறது போதாதுங்க."

சர் ரூபர்ட் இழுப்பறையைத் திறந்தார். தேதி போடாத அந்தக் காகிதம் லம்லிக்குத் தெரிந்தது. உருளைக்கிழங்கு கூட அவருக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. கட்டுப் போட்ட கையோடு டீ குடித்த அந்தப் பையன்தான் கண்முன் நின்றான்.

மூன்று மணி அடித்தது. கதவை முட்டித் திறந்துகொண்டு டீ வண்டி உள்ளே வந்தது. போர் அமைச்சரே உட்கார்ந்திருந்தாலும் மூன்று மணி மூன்று மணிதான்.

"யாருக்குக் கண்ணு பால் வேணாம்?" என்று கேட்டபடி மிஸஸ் கிராடக் கோப்பைகளை வைத்தாள். விங் கமாண்டர் சும்மா இராமல், உதவி செய்கிற நினைப்பில் சர்க்கரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. எழுந்து நின்று பார்த்தார். மார்பில் பதக்கங்கள் குலுங்கின. மூடி அசையவில்லை.

"பில்பீம், நீங்க கொஞ்சம் பாருங்க," என்றார்.

லம்லி மிஸஸ் கிராடக்கைப் பார்த்தார். சத்தியம் செய்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் கெஞ்சியது. அவள் இழுப்பறையிலிருந்த காகிதத்தையும், லம்லியின் முகத்தையும் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, குழந்தைக்குச் சட்டை கழற்றுவது போல டப்பாவின் கம்பளியைக் கழற்றினாள்.

"மொதல்ல அளந்து பாருங்க சார், இது வட்டமா இல்லியான்னு," என்றாள் பில்பீமிடம்.

பில்பீம் டப்பாவை அடையாளம் கண்டுகொண்டார். முகம் கறுத்தது. ஆனால் அளக்கச் சொன்ன பிறகு அளக்காமல் இருக்க அவரால் முடியாது. விரலைத் துடைத்தார். வெல்வெட் பெட்டியைத் திறந்தார். பன்னிரண்டு இடத்தில் அளந்தார். "வட்டம்," என்றார். "அப்பழுக்கில்லாத வட்டம்."

அவள் பித்தான் இருந்த இடத்துக்குக் கீறலை நேராக வைத்து மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "வட்டத்துக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான? உங்களுக்குப் புடிச்ச பக்கமா வெச்சு மூடுங்க."

பில்பீம் மூடியை வைத்தார். உட்காரவில்லை. கொஞ்சம் திருப்பி வைத்தார். உட்காரவில்லை. இன்னும் திருப்பினார், பொதுக்கென்று இறங்கியது. எடுத்து மறுபடி திருப்பினார். இறங்கவில்லை. சர் ரூபர்ட்டின் தூக்கம் கலைந்துவிட்டது. பில்பீம் மூடியைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்தார், ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று இடம். மறுபடியும் மூன்று இடம். அவர் மைக்ரோமீட்டரை ஒரு தடவை பார்த்த பார்வை, முப்பத்தோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனைவி பொய் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தவரின் பார்வை.

பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். உள்ளே வழுக்கை. யாரும் சிரிக்கவில்லை.

"நமக்கு முன்னாடியே மூடி கண்டுபுடிச்சிருச்சு," என்றார் விங் கமாண்டர்.

சர் ரூபர்ட்டுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றியது. சரியாகத் தப்பான கேள்வி தோன்றுவதில் அவர் கெட்டிக்காரர். "ஆமா, இது நம்ம ஸ்லீவ் இல்ல? இத வெட்டி டப்பா செஞ்சது யாரு?"

"நான்தான்," என்றார் லம்லி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சமையலறைப் பிரிவு கூட இல்லை, சிறை. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. இதில் கொஞ்சம் சந்தோஷமாகக் கூட இருந்தது.

பில்பீம் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கடைந்த கோடுகளைப் பார்த்தார். எந்த லேத்காரனின் கை எது என்று கோட்டைப் பார்த்தே சொல்லக்கூடியவர். "நீயா?" என்றார் லம்லியிடம். "உன்னால ஒரு பென்சில் சீவ முடியாதேய்யா." டப்பாவைக் கீழே வைத்தார். "இந்தக் கை யாருதுன்னு எனக்குத் தெரியும். கேட்டா சொல்ல வேண்டியிருக்கும். அதனால யாரும் கேக்காதீங்க."

"அப்படி விட முடியாது," என்றார் சர் ரூபர்ட். "கம்பெனி சொத்து."

"ஆமா கண்ணு," என்றாள் மிஸஸ் கிராடக், டீயை அவர் பக்கம் நகர்த்தியபடி. "உங்க சிகரெட்டு சாம்பல் தட்டற அந்தக் கிண்ணமும் அழகாத்தான் இருக்கு. கிளேமோர் பிஸ்டன்தான அது? யாரு செஞ்சாங்கன்னு சேர்த்தே விசாரிச்சுருவோமா?"

சர் ரூபர்ட் சாம்பல் கிண்ணத்தை மெதுவாகக் கோப்புக்குப் பின்னால் தள்ளினார். விங் கமாண்டர் ஹேலட் எதற்கோ தன் சிகரெட் லைட்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதுவும் எங்கோ ஒரு பட்டறையின் வெளியூர் ஆர்டர்தான் போலும்.

முடிவு பில்பீமுடையது. பையிலிருந்து முத்திரையை எடுத்து, டப்பாவின் அடியில் ஒரு குத்து, மூடியில் ஒரு குத்து. பரிசோதனைப் பிரிவின் அளவுகருவி, எண் 412. பதிவேட்டிலும் அங்கேயே எழுதினார்: ஸ்லீவ் ஒன்று, மூடி ஒன்று, கம்பளிச் சட்டை ஒன்று, பித்தான் மூன்று. இனி அது திருட்டுப் பொருள் அல்ல, அரசாங்கக் கருவி. அரசாங்கக் கருவியானதால் வெல்வெட்டில் வைத்துப் பூட்டியாக வேண்டும்.

"பூட்டுங்க," என்றாள் மிஸஸ் கிராடக். "சக்கரைய எதுல போடறது? உங்க தொப்பியிலயா?"

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வில்ஃப் லேத்தை விட்டு நகரவில்லை. மூன்று விரலுக்குப் பதிலாக, உள்ளிருந்து முழுச் சுற்றும் ஒரே அளவாக விரிந்து பிடிக்கிற வளையம் ஒன்றை அவனும் லம்லியுமாகச் செய்தார்கள். இருபத்து நாலு ஸ்லீவ். ஒவ்வொன்றையும் பில்பீமே, தான் கோணல் என்று சொன்ன அதே கட்டையில் உருட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. நடுவில் வில்ஃப் இருபத்தைந்தாவதாக ஒன்றையும் செய்துகொண்டான். புதுச் சர்க்கரை டப்பா. பில்பீம் அந்தச் சமயம் சன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை ஆறு மணிக்கு இஞ்சின் கிளம்பியது. பத்தொன்பது மணி நாற்பது நிமிடம் தாண்டியபோது லம்லி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டியது. எண்பது தாண்டியது. அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே அரைத் தூக்கம் தூங்கினார். சத்தம் கொஞ்சம் மாறினாலும் விழித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நூறு முடிந்தது. விங் கமாண்டர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இஞ்சினைத் தானாகச் சாக விடாமல், மனிதக் கையால் நிறுத்தினார்கள். அந்த அறையில் இது முதல் தடவை.

அதே நொடியில் டீ மணி அடித்தது.

மிஸஸ் கிராடக்கின் முகம் நன்றாக இல்லை. வில்ஃப் செய்த புது டப்பா சுத்தமான வட்டம். மூடியும் சுத்தமான வட்டம். எந்தப் பக்கம் பிடித்தாலும் பூப்போலக் கழன்று வந்தது. பட்டறையின் நூற்றிருபது பேரும் இரண்டு வருஷ ஏக்கத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். வாரச் சர்க்கரை புதன்கிழமையே காலி. "துல்லியமாம் துல்லியம்," என்று வில்ஃபைத் திட்டிக்கொண்டே வந்தாள். "நீ கோணலா செஞ்சப்பதான்யா உருப்படியா இருந்துச்சு." வில்ஃப் சிரித்தபடி வண்டியை அவளோடு சேர்ந்து தள்ளினான். இரண்டு வருஷத்தில் அவன் அவ்வளவு பக்கத்தில் நின்றது அன்றுதான்.

எல்லாருக்கும் வெறும் டீ. விங் கமாண்டருக்கும் வெறும் டீ. லம்லியும் கோப்பைக்குக் கை நீட்டினார். அவள் கையைத் தட்டிவிட்டு, மேலங்கிப் பையிலிருந்து செய்தித்தாளில் சுருட்டிய ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அவருடைய கோப்பையில் கொட்டினாள்.

"ஓடுற இஞ்சினுக்கு ரெண்டு ஸ்பூன்னு சொன்னேன்ல?"

"சர்க்கரை புதன்கிழமையே தீந்துருச்சுன்னாங்க?"

"நான் திங்கக்கெழம காலையிலயே எடுத்து வெச்சுட்டேன், கண்ணு."

"திங்கக்கிழமையா? அப்ப இஞ்சின் ஓடுமான்னே தெரியாதே?"

"ஒங்களுக்குத் தெரியாது," என்றாள் மிஸஸ் கிராடக். "ஆறிப்போறதுக்குள்ள குடிங்க."

லம்லி கோப்பையை வாயருகே கொண்டுபோனார். கண் எரிந்தது, ஐந்து நாளாகச் சரியாகத் தூங்காத கண் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார். முதல் இஞ்சின் செத்த அன்று போலவே, தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.